சொன்ன தேதிக்கு வராத ரயில்

ஸ்கார்பரோ, டொராண்டோ
28.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அன்றைக்குப் போனில் நான் சொன்னது உங்களுக்குப் பாதிதான் கேட்டது. கோயில் மைக் சத்தத்தில் நீங்கள் சொன்னது எனக்கும் பாதிதான். அதனால்தான் பழையபடி கடிதம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. "அங்கேயெல்லாம் ரயில்வே வேலை சொன்ன தேதிக்கு முடிஞ்சிரும்ல, நம்ம பாம்பன் பாலம் மாதிரியா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு கடிதம் போதுமா தெரியவில்லை. கேளுங்கள்.

நான் இருக்கிற இடத்துக்கு அருகே எக்ளின்டன் என்று ஒரு பெரிய சாலை. அதன் வழியே ஒரு இலகு ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். டிராமுக்கும் மெட்ரோவுக்கும் நடுவே ஒரு ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 19 கிலோமீட்டர், 25 நிலையங்கள். அதாவது மண்டபத்தில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குகிற தூரம்தான், ஏறக்குறைய. 2011-இல் வேலை தொடங்கியது. 2020-இல் ஓடும் என்றார்கள். அப்புறம் 2021, அப்புறம் 2022. அதற்கப்புறம் தேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள். "திறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் சொல்கிறோம், அதுவரை கேட்காதீர்கள்" என்று மாகாண அரசின் போக்குவரத்து நிறுவனமான மெட்ரோலிங்ஸே அறிவித்துவிட்டது. நான் இங்கே வந்தபோதும் ஓடவில்லை, இதை எழுதும்போதும் ஓடவில்லை.

ஓடவில்லை என்றால், ஆள் ஏற்றி ஓடவில்லை. காலி ரயில் தினமும் ஓடுகிறது. எங்கள் பக்கம் தண்டவாளம் தரைக்கு மேலே, சாலையின் நடுவிலேயே வருகிறது. வேலை முடிந்து 34-ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்பேன். பனி முழங்கால் வரை ஒதுக்கி வைத்திருக்கும், மூக்கு நுனி மரத்துப் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து எதிரே ரயில் வரும். உள்ளே விளக்கெல்லாம் எரியும், ஹீட்டரும் போட்டிருப்பார்கள் போல, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். ஒரு சீட்டில்கூட ஆள் இருக்காது. ஓட்டுநர் மட்டும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிலையத்தில் நிற்கும், கதவு திறக்கும், யாரும் ஏறாமல் கதவு மூடும், போய்விடும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். என்ன மொழிக்காரராக இருந்தாலும் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் ஒன்றுதான். இலையுதிர் காலத்தில் ஒரு மாதம் முழுக்க, பயணிகள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கால அட்டவணைப்படி ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது.

ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பீர்கள். தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாக இருந்தவர் நீங்கள், உங்களுக்குப் பிடித்த காரணத்தை முதலில் சொல்கிறேன். 2023-இல் கட்டியதையெல்லாம் சரிபார்த்தபோது 260 குறைகள் என்று பட்டியல் போட்டார்கள். அதில் ஒன்று, சில இடங்களில் தண்டவாளம் இருக்கவேண்டிய அளவில் இல்லை, ரயில் தடம் புரளலாம் என்பது. நீங்கள் கேஜ் கம்பியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் வெயிலில் நடந்தீர்களே, அந்த வேலையை இங்கே எல்லாம் முடிந்தபிறகு செய்திருக்கிறார்கள்! இன்னொன்றும் கேளுங்கள். இந்த ஊர் பழைய டிராம்களின் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, 1,495 மில்லிமீட்டர். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவு. இந்தப் புதுப் பாதைக்கோ பல நாடுகளில் பொதுவாக இருக்கிற 1,435. ஆக அந்த வண்டி இதில் ஓடாது, இந்த வண்டி அதில் ஓடாது. நம்மூரில் மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றியபோது நீங்கள் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது.

அடுத்தது யங் தெரு நிலையம். 1954-இல் திறந்த கனடாவின் முதல் சுரங்க ரயில் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல் அதற்கும் கீழே தோண்டி புது நிலையம் கட்டவேண்டும். தோண்டப் போனால், பழைய நிலையத்தின் அடிப்பகுதி வரைபடத்தில் இருந்தபடி இல்லை. இதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். 1914-இல் கட்டிய பாலத்தோடு வாழ்ந்த உங்களுக்கு இது புரியும். பழைய கட்டுமானம் எதை ஒளித்து வைத்திருக்கிறது என்று கை வைத்தால்தான் தெரியும்.

ஆனால் அரசியல் தாமதம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இதே எக்ளின்டன் சாலையில் 1994-இல் சுரங்க ரயிலுக்குத் தோண்டத் தொடங்கினார்கள். மறுவருடம் மாகாணத்தில் ஆட்சி மாறியது. மைக் ஹாரிஸ் என்பவர் முதல்வர் ஆனார், திட்டத்தை ரத்து செய்தார். செய்தது மட்டுமல்ல, தோண்டிய பள்ளத்தை மண் கொட்டி மூடிவிட்டார்கள், மாமா. நான் முதலில் நம்பவில்லை. நம் கடலில் சேது கால்வாய்க்குத் தோண்டி 2007-இல் பாதியில் நின்றதே, அங்கேயாவது நீரோட்டம் கொண்டுவந்த மணல் தானாக மூடியிருக்கும். இங்கே லாரி வைத்து, கூலி கொடுத்து மூடியிருக்கிறார்கள்! பிறகு 2007-இல் ஒரு மேயர் புதுத் திட்டம் போட்டார். 2010-இல் வந்த அடுத்த மேயர் முதல் நாளே அது செத்துவிட்டது என்றார், எல்லாம் பூமிக்கு அடியில்தான் போகவேண்டும் என்றார். 2012-இல் மாநகர மன்றம் அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டு, எங்கள் பக்கத்தை மறுபடி தரைக்கு மேலே கொண்டுவந்தது. நம்மூரில் 2019-இல் பாம்பன் பாலத்தோடு சேர்த்து தனுஷ்கோடி ரயிலுக்கும் அடிக்கல் போட்டார்களே, 208 கோடி என்று. அப்புறம் மாநில அரசு நிலம் தர விரும்பவில்லை, அது அப்படியே கிடக்கிறது. ஆட்கள் மாறினாலும் கூத்து ஒன்றுதான்.

பணக் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் இந்தப் பாதைக்கு ஒதுக்கியது 530 கோடி. நம் புதுப் பாம்பன் பாலத்துக்கு ஆனதும் ஏறக்குறைய 550 கோடி. கோடி அதே கோடிதான், அங்கே ரூபாய், இங்கே டாலர்! 2015-இல் கம்பெனிகளின் கூட்டணி ஒன்றோடு சுமார் 910 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் முப்பது வருடப் பராமரிப்பும் சேர்த்தி. கட்டுகிறவர்களே கடன் வாங்கிக் கட்டவேண்டும், அரசு பின்னால் தவணையாகக் கொடுக்கும். தாமதம் ஆனால் கட்டுகிறவனுக்குத்தான் நஷ்டம், அதனால் வேகமாக முடிப்பான் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? தாமதம் வந்ததும் அவர்கள் வக்கீலை வைத்தார்கள். மின்கம்பி, தண்ணீர்க் குழாயெல்லாம் நேரத்துக்கு மாற்றித் தரவில்லை என்று 2018-இல் வழக்கு, 23 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து சமரசம். கொரோனா வந்ததும் மறுபடி வழக்கு. 2021 கடைசியில் இன்னொரு 32 கோடியே 50 லட்சம். மொத்தச் செலவு இப்போது 1,300 கோடிக்குக் கிட்டே என்கிறார்கள். ரயிலைவிட வக்கீல்கள் வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தத் தொகையெல்லாம் எனக்கு, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவளுக்கு, எப்படித் தெரிந்தது? மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் எழுதிய அறிக்கையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் எடுத்துப் போடுகிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைச் சொல்லித் திட்டுகிறார். நம்மூரிலும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாம்பன் பாலத்தில் என்னென்ன குறை என்று திறப்பதற்கு முன்பே எழுதினார். கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற பகுதியில் ரயில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னார். அது செய்தியில் வந்த வேகத்தில் போய்விட்டது. பாதையை 2022 டிசம்பரில் மூடி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அந்த இரண்டு வருடத்துக்கும் மேலாக, மூட்டை முடிச்சோடு மண்டபத்தில் இறங்கி பஸ் தேடிய ஜனத்துக்கு யார் கணக்கு எழுதினார்கள்? இங்கே ஸ்கார்பரோவில் இருந்த பழைய ரயிலை, 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதும் அப்படியே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பதில் பஸ் விட்டார்கள். அதே டிக்கெட்தான், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், ரயில் மாறினாலும் மறுபடி காசு இல்லை. கூட்டம் பிதுங்கும், அது வேறு. ரயில் தாமதமாவதைவிட, அதுவரை நீ என்ன செய்வாய் என்று கேட்க ஆள் இல்லாததுதான் எனக்குக் கோபம்.

இங்கேயும் எல்லோரையும் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மேற்குப் பக்கம் குட்டி ஜமைக்கா என்று ஒரு பகுதி. முடிவெட்டும் கடை, பாட்டுத்தட்டுக் கடை, சமோசா மாதிரி ஒரு இறைச்சிப் பணியாரம் விற்கிற கடை என்று ஜமைக்காக்காரர்களுடையது. கடைக்கு முன்னால் வருடக்கணக்கில் தகரவேலி. கார் நிறுத்த இடமில்லை, நடைபாதை பாதி இல்லை. நிறையக் கடைகள் மூடிவிட்டன. என்னோடு வேலை செய்கிற ஜமைக்கா அம்மாவின் சித்தி மகள் அங்கே சலூன் வைத்திருக்கிறாள். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார்கள். வேலிக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி வழிவிடவேண்டும். "அப்படி வழிவிட ஏறினவங்கதான் எனக்குக் கஸ்டமர்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்த மாதம் 7-ஆம் தேதி ஊரின் வடமேற்கில் ஃபின்ச் பாதை என்று இன்னொரு இலகு ரயிலைத் திறந்துவிட்டார்கள். 10.3 கிலோமீட்டர். வேலை பின்னால் தொடங்கியது, முன்னால் திறந்தது. ஆனால் ஆமை வேகம். சிவப்பு விளக்கில் காரோடு காராக ரயிலும் நிற்கிறது. ஓட்டப்பந்தயக்காரர் ஒருவர் அதோடு போட்டி போட்டு ஓடி, ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்! ஊரே சிரித்தது. சிக்னலில் ரயிலுக்கு முன்னுரிமை கொடுப்பது பற்றி இப்போதுதான் மாநகர மன்றத்தில் பேசுகிறார்கள். கட்டியது மாகாணம், ஓட்டுவது மாநகராட்சி, சிக்னல் இன்னொரு இலாகா. புரிகிறதல்லவா?

வீட்டுக்கார அக்காவைப் பற்றிப் போனமுறை எழுதினேன், பேசாலைக்காரர், மன்னார்ப் பக்கம். அவருடைய அப்பா சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து ரயிலில் மதராஸ் போனவராம். டிட்வா புயலில் மன்னாரில் வெள்ளம் வந்தபோது அக்கா இரவெல்லாம் போனும் கையுமாக இருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன், உங்கள் பக்கம் மழை என்று. ஒருவருக்கொருவர் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் எல்லாம் ஒத்துப்போகும், கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையைப் பற்றிய பேச்சு மட்டும் எடுப்பதில்லை. நம்ம படகுகள் அவர்கள் வலையை அறுப்பதும், நம்ம பையன்கள் அங்கே சிறையில் கிடப்பதும் ஒரே அடுப்படியில் பேசி முடிகிற விஷயமில்லை.

அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? இந்த மாதப் பணம் 3-ஆம் தேதிக்குள் ஏறிவிடும். மதுரைக்கு டாக்டரிடம் ரயிலிலேயே கூட்டிப் போங்கள், இப்போதுதான் ராமேஸ்வரத்திலேயே ஏறலாமே. பஸ்ஸில் குலுங்கினால் அவளுக்கு ஆகாது. தம்பி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடட்டும், பிறந்த சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்தை ஆதாரோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவாடு அனுப்பவேண்டாம், அக்கா தயவில் இங்கே கிடைக்கிறது, நெத்திலி உட்பட. எக்ளின்டன் ரயில் திறந்ததும் நான் முதலில் பார்க்கப்போவது தண்டவாள இணைப்புகளைத்தான், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எதையெல்லாம் கிட்டத்தில் எடுக்கவேண்டும் என்று பதில் கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்