அந்த ஃபிளாஷை மட்டும் விற்றுவிடாதே

காட்பாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நிக்கான் கேமராவை விட்டுக் கேனான் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறப்போவதாகவும், ஸ்டுடியோ அலமாரியில் கிடக்கும் பழைய சாமான்களை மொத்தமாக விற்றுவிடலாம் என்றும் நேற்று போனில் சொன்னாய். பாடியை விற்பதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

50 மி.மீ. டி லென்ஸை வைத்துக்கொள். நிக்கானில் லென்ஸ் மாட்டும் வளையமான எஃப் மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ. தூரம், புதுக் கேனானின் ஆர்.எஃப் மவுண்டில் அது 20 மி.மீ. மட்டுமே. மீதி 26.5 மி.மீ. இடைவெளியை ஒரு வெற்று அடாப்டர் நிரப்பிவிடும். அதனுள் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியிலிருந்த திருகுதான் அதைச் சுழற்றியது என்பதால், இனி ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். வெளிச்சம் நுழையும் திறப்பை மாற்றும் அபெர்ச்சர் வளையம் 22-இல் பூட்டியிருக்கும், அதை விடுவித்துக்கொள். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடு. முகூர்த்த நேரத்துக்கு இது உதவாது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகள் ஓடிவிடப் போவதில்லை, அவற்றுக்கு இது போதும். அபெர்ச்சர் வளையமில்லாத ஜி லென்ஸ்களையும் பூஞ்சை பிடித்த 105-ஐயும் தள்ளிவிடலாம்.

ஃபிளாஷ் விஷயம் வேறு. நம் நிக்கான் ஃபிளாஷ் எஸ்பி-28-இன் டிடிஎல், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃபிளாஷை அடக்கும் முறை, கேனானில் வேலை செய்யாது, ஏனென்றால் கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டும் ஷூவில் நடு முனையைத் தவிர மற்ற முனைகளின் மொழி ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி. ஆனால் ஃபிளாஷை வெடிக்கச் சொல்லும் நடு முனை பொதுவானது. (3000டி போன்ற மலிவு மாடல்களில் அந்த முனையையே எடுத்துவிட்டார்கள், வாங்குமுன் ஷூவைக் கண்ணால் பார்.) ஏ (ஆட்டோ) நிலையில் வைத்தால், திரும்பி வரும் வெளிச்சத்தை ஃபிளாஷின் முகப்பிலுள்ள சென்சாரே அளந்து தானாக நிறுத்திக்கொள்ளும், கேமராவில் வைக்கும் ஐஎஸ்ஓவையும் அபெர்ச்சரையும் ஃபிளாஷிலும் வைத்தால் போதும். மேனுவலில் கணக்கு இன்னும் எளிது: ஐஎஸ்ஓ 100, ஜூம் 35-இல் அதன் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர் 36, மணமக்கள் நாலரை மீட்டரில் நின்றால், 36-ஐ நாலரையால் வகுத்து, முழு வீச்சுக்கு அபெர்ச்சர் எஃப் 8.

கறுப்புப் பெட்டியிலிருக்கும் பெரிய ஃபிளாஷை மட்டும் ஷூவில் ஏற்றாதே. டிஜிட்டல் வாங்கிய புதிதில் வள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்கு அதை மாட்டி, நாலாவது படத்தோடு என் கேமராவின் ஃபிளாஷ் சுற்று எரிந்துபோய், மீதி நாளை ஜன்னல் வெளிச்சத்தில் ஓட்டினேன். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஃபிளாஷின் ரெடி விளக்கு எரிந்தபின், சிவப்பு முனையை நடுப்புள்ளியிலும் கறுப்பைப் பக்கத்துத் தகட்டிலும் வைத்துப் பார்த்தேன்: இருநூறு வோல்ட்டைத் தாண்டியது. ஃபிலிம் கேமராவின் உலோகத் தொடுப்பு அதைத் தாங்கும். எலக்ட்ரானிக் சுற்று தாங்க வேண்டும் என்பதில்லை. அதை நான் இங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பிருந்தாவனில் பெங்களூரு வரும்போது எஸ்பி-28-ஐயும் 50-ஐயும் மல்டிமீட்டரையும் கொண்டுவருகிறேன். அடாப்டரை நீ வாங்கி வை. கடையிலிருக்கும் ஏதாவதொரு நிக்கான் லென்ஸை மாட்டி, ஆடாமல் இறுகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா