ஸ்கோர் நோட்டு எழுதிய பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

கடலூர் சில்வர் பீச்சில் உன் பழைய பி.டி. சாரான என்னிடம் நீ சொன்னதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. டாக்டர் உன்னிடம் சொன்னதையும் இங்கே எழுத மாட்டேன், நாலு பேர் படிக்கிற இடம். உன் மகன் பக்கத்தில் நின்றான், அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினத்துக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹாக்கி வீரர் தியான்சந்தின் பிறந்த நாள். அவர் பெருமையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்தான். உனக்கு எழுதாமல் அந்த மேடை ஏற மனம் ஒப்பவில்லை.

எட்டாம் வகுப்பு, கடைசி பீரியட், 400 மீட்டர். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டாய். மரத்தடியில் சிலர் சிரித்தார்கள். (யார் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.) நான் வந்து உன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்தேன். "நீ இதை எழுதும்மா, உன் கையெழுத்து எவ்வளவு அழகு!" உன்னைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். அப்புறம் பத்தாவது முடியும்வரை நீ மரத்தடியிலேயே இருந்தாய். கோ-கோவுக்கும் நோட்டு, எறிபந்துக்கும் நோட்டு. ஒரு தடவைகூட "எழுந்து வா" என்று நான் கூப்பிடவில்லை. திட்டியிருந்தால் ரோஷத்திலாவது ஓடியிருப்பாய். நான் பரிவாக உட்கார வைத்துவிட்டேன்.

என் பக்கத்தையும் கேள். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதில் ஒன்று கணக்குக்குப் போய்விடும். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு பந்து. மாவட்டப் போட்டியில் கோப்பை வந்தால்தான் ஸ்டாஃப் ரூமில் எனக்கு மரியாதை. அதனால் நன்றாக ஓடுகிற எட்டுப் பேரோடு நின்றுவிட்டேன். வெயிலில் நின்றால் பெண் கறுத்துவிடும் என்று சொல்லியனுப்பியது உங்கள் வீடுதானே? நீயாவது ஒரு நாள் "நானும் வரேன் சார்" என்று கேட்டிருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தெரிந்தும் கோபம் வருகிறது.

2018ல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பி.டி. வகுப்பு நினைவுகளைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த வகுப்பை நினைத்தாலே கூசுகிறவர்களுக்கு, வளர்ந்த பிறகும் உடற்பயிற்சியில் அவ்வளவாக விருப்பமில்லை. படித்தபோது உன் கையெழுத்துதான் கண்முன் வந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், வேக நடை போதும். யாரையும் முந்த வேண்டியதில்லை. இதைச் சொல்லித்தர எனக்கு மூன்று வருடம் இருந்தது.

நோட்டைக் கொடுக்காமல், மீதி 200 மீட்டரை உன்னோடு நடந்தே முடித்திருக்கலாம். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மன்னித்துக்கொள் அம்மா.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேவனாம்பட்டினத்தில், அதே சில்வர் பீச்சில் இருப்பேன். எனக்கும் முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பேன். நீ வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் பி.டி. சார்