திரையில் தெரியும் எண்ணும் குரல் பிடிக்கும் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடு ஒருவர் பேசும் ஹாம் வானொலியில் வந்துள்ள வண்ணத்திரைக் கருவிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குரல் பிடிக்கும் அலைவெண் பரப்பை, அதாவது அதன் பட்டை அகலத்தைக் கூட்டிக்கொண்டால் வானொலி நிலைய அறிவிப்பாளரைப் போலவே பேசலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அது உண்மைதான். ஆனால் அப்படி அகலப்படுத்திய குரல், பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவரை என்ன செய்யும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அலைகளில் பேசிவருபவன் என்ற முறையில் அதை எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

குரல் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை, அதாவது எஸ்எஸ்பி முறையில் பேசும்போது, திரையில் தெரியும் அலைவெண் நம் குரல் இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. குரலை ஏற்றுவதற்கு அடிப்படையாக இருந்து, அனுப்பாமல் அடக்கப்பட்ட ஊர்தி அலையின் இடத்தையே அது காட்டுகிறது. குரலோ அந்த எண்ணுக்கு ஒரு பக்கமாக விரிந்து கிடக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்கு ஒதுக்கப்பட்ட அலைவெண் பகுதிகளான பட்டைகளில் வழக்கப்படி எண்ணுக்குக் கீழ்ப்பக்கமாகவும், அதற்கு மேலே உள்ளவற்றில் மேல்பக்கமாகவும் விரியும். 20 மீட்டர் பட்டை 14,350 கிலோஹெர்ட்ஸில் முடிகிறது. திரையில் 14,348 என்று இருப்பதைப் பார்த்து எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பிப் பேசுபவரின் குரல், 2,700 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே போகும் சாதாரணக் குரலாக இருந்தாலும், எல்லையைத் தாண்டி 14,350.7 வரை போய்விடுகிறது.

40 மீட்டர் பட்டையில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அங்கே நமக்கு இருப்பது 7,000 முதல் 7,200 வரையிலான 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஒருவர் 7,150இலும் இன்னொருவர் 7,147இலும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை என்ற வழக்கமான அகலத்தில் பேசினால், முதலாமவரின் குரல் 7,147.3 வரை இறங்கி நின்றுவிடும். இரண்டாமவரின் குரல் 7,146.7இல்தான் தொடங்கும். ஒருவர் மேல் ஒருவர் படுவதில்லை. இப்போது முதலாமவர் தம் குரலை 4,500 ஹெர்ட்ஸ் வரை அகலப்படுத்துகிறார். திரையில் எண் மாறவில்லை, அதே 7,150தான். ஆனால் அவருடைய குரல் 7,145.5 வரை இறங்கி, இரண்டாமவரின் இடத்தில் 1.2 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்கிறது. முதலாமவர் வாயிலிருந்து வரும் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற சீறல் ஓசைகளில் 3,300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி, 7,147இல் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதில் 300 ஹெர்ட்ஸில் தொடங்கும் தாழ்ந்த கரகரப்பாக விழுகிறது. யார் குரல் என்று அடையாளம் தெரியாது, சொல்லும் புரியாது. பேச்சின் நடுவே யாரோ மணலை அள்ளிப் போடுவது போல இருக்கும்.

அகலமான குரலை விரும்புவோரை நான் குறை சொல்ல வரவில்லை. ‘எஸ்’ என்ற எழுத்தையும் ‘எஃப்’ என்ற எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டும் ஓசை பெரும்பாலும், வழக்கமான அகலத்துக்கு வெளியே உள்ளதைத் தடுக்கும் வடிகட்டியின் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் நம்மை அடையாளம் காட்டும் அழைப்புக் குறிகளின் எழுத்துகளைச் சொல்லும்போது சியரா என்றும் ஃபாக்ஸ்ட்ராட் என்றும் விரித்துச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நல்ல ஒலிவாங்கியும் அகலமான பட்டையும் கிடைத்தால், பல ஆண்டுகள் பழகிய நண்பரின் குரலை முதன்முறையாக நேரில் கேட்பது போன்ற மகிழ்ச்சி உண்டு. அதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பெறக் கேட்பவரும் தம் வடிகட்டியை அகலமாகத் திறந்தாக வேண்டும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளே வரும் இரைச்சலின் திறனும் இரட்டிப்பாகி, 3 டெசிபெல் கூடிவிடும். சமிக்ஞை வலுவாக இருக்கும்போது இது பொருட்டல்ல. மெலிந்திருக்கும்போது அதுவே பேச்சை மூழ்கடித்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, அங்கிருந்து ஹாம் வானொலியில் பேசுவதற்காகவே போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானிலிருந்து செய்திகளை அனுப்பினார்கள். அத்தகைய நாள்களில் தேவைப்படுவது குரலின் செழுமை அல்ல, ஒவ்வொரு பெயரும் பிழையின்றிப் போய்ச் சேருவதே.

என் நண்பர் ஒருவருக்கு முற்றிலும் பார்வையில்லை. எண்ணைக் குரலாகச் சொல்லும் வசதியுள்ள கருவியை வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, அது சொல்லும் எண்ணைக் கேட்டு, குமிழைத் திருப்பி, மீண்டும் கேட்டு, காலியான இடத்தைத் தேடிப் பிடிப்பார். அலைவரிசைகள் அருவி போல இறங்கும் திரையில் பக்கத்துக் குரல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை நாம் ஒரு நொடியில் பார்த்துவிடுகிறோம். அவருக்குக் கிடைப்பது அந்த ஒற்றை எண் மட்டுமே. 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் போதும் என்ற பழைய நம்பிக்கையில்தான் அவர் இடம் பிடிக்கிறார். சென்ற மாதம் ஒரு காலையில், தம் கருவிதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி, என்னை அழைத்து ஒலிபெருக்கியைச் சோதிக்கச் சொன்னார். கருவியில் ஒரு குறையும் இல்லை; சற்று மேலே உள்ள அலைவெண்ணில் யாரோ அகலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைக் கருவிகளை நம்மில் பலர் வீட்டிலேயே கட்டிப் பயன்படுத்துகிறோம். அப்படிக் கட்டும் கருவியில் அலைவெண்ணுக்கு அடிப்படையாக இருக்கும் படிகத்தில் 10 லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருந்தால், 7 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸும் 28 மெகாஹெர்ட்ஸில் 560 ஹெர்ட்ஸும் திரை தவறாகக் காட்டும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் நேரக்குறிப்பு நிலையத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகாது.

அகலமாகப் பேச விரும்புவோர், 1,700 கிலோஹெர்ட்ஸ் விரிந்து கிடக்கும் 10 மீட்டர் பட்டைக்குப் போகலாம். அல்லது கூட்டமில்லாத நேரத்தில், இருபுறமும் கேட்டுப் பார்த்த பிறகு பேசலாம். காலை நேரக் குழுப் பேச்சுகள் நடக்கும்போது 40 மீட்டரில் குரலைச் சுருக்கிக்கொள்வதே முறை. ஐகாம் ஐசி-7300 போன்ற கருவிகளில் அனுப்பும் குரலின் மேல் எல்லையை 2,500 ஹெர்ட்ஸ் வரை குறைக்கத் தனி அமைப்பே இருக்கிறது. தம் குரல் உண்மையில் எவ்வளவு பரவுகிறது என்பதைத் தம் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வேற்றூரில் உள்ள ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வது நல்லது. ஒலிவாங்கியின் அளவை மிகுதியாகக் கூட்டிவிட்டால், சுருக்கி வைத்த குரல்கூட இருபுறமும் சிதறும்.

உரிமத் தேர்வுக்குப் பயிற்சி தரும் சங்கங்கள், 3 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு கருவிகளை இயக்கி, ஒன்றை மட்டும் அகலப்படுத்தி, மாணவர்களை மற்றொன்றில் கேட்கச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஹாம் வானொலி உரிமம் பெற்ற வாசகர்,
தூத்துக்குடி