தாழ்ப்பாளைத் துடைத்தவருக்கும் தட்டைக் கவனித்தவருக்கும்

விடுதிப் பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும், இந்த நாட்களில் கூட நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

நேற்றுச் சாயங்காலம் தரைத்தளத்தின் கடைசி அறைக் கதவிலிருந்து அந்தத் தாளை எடுத்தோம். காய்ச்சல் அளவையும் நேரத்தையும் பென்சிலால் எழுதி எழுதி ஓரமெல்லாம் சுருண்டுபோன தாள். காய்ச்சல் மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் அந்த அறையில் இருந்த பிள்ளைக்கு உடம்பு சுடவில்லை. நம் விடுதியில் பரவிய ஃப்ளூ ஒழிந்தது என்று அறிவிக்க இன்னும் சில நாள் ஆகட்டும் என்கிறார் சுகாதார மையத்து சிஸ்டர். நன்றி சொல்ல அவ்வளவு நாள் பொறுக்க என்னால் முடியாது.

முதல் நன்றி, அன்று இரவு பதினொன்றரை மணிக்கு என் கதவைத் தட்டிய இரண்டாம் ஆண்டு மாணவிக்கு. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து நாலடி தள்ளியே நின்றாள். "மேடம், எனக்குக் காய்ச்சல் அடிக்குது. ரூம்மேட்டுக்கு ரெண்டு நாளாவே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. ராத்திரியெல்லாம் தலையணைல முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருமுறா." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். தோழியைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற அழுகை அது.

அந்தத் தோழி ஏன் மறைத்தாள்? மறுநாள் தேர்வு. எழுதாவிட்டால் மதிப்பெண் போகும், விடுப்பு எடுத்தால் வருகைப்பதிவு குறையும், மருத்துவச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் தலையணையைத்தான் தேடியிருப்பேன்.

என் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று நாள் முன்பே மூன்றாம் மாடியில் இரண்டு பிள்ளைகள் தொண்டை வலி, உடம்பு வலி என்று வந்தார்கள். ஆளுக்கு நாலு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். அதே மாலை, மழை என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பொது அறையில் எல்லாரையும் நெருக்கி உட்காரவைத்து ஒரு மணி நேரம் கூட்டம் நடத்தினேன். ஃப்ளூ வைரஸ், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றக்கூடியது. உள்ளே போன வைரஸ் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் ஆளைப் படுக்கவைத்துவிடும். கூட்டம் முடிந்த இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் மாடி வரிசையாகச் சாய்ந்தது. அந்தக் கூட்டத்தில் நான் பேசியது என்ன தெரியுமா? விடுதியின் தூய்மை.

இனி சிஸ்டர். விஷயம் கேட்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து மாடிவாரியாக அறை எண்களைப் போட்டார். யாருக்கு எப்போது காய்ச்சல் தொடங்கியது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். சிலருக்கு மட்டும் பரிசோதனை செய்து ஃப்ளூதான் என்று உறுதியானதும், அதே அறிகுறியோடு வருகிற மற்றவர்களையும் அப்படியே நடத்துவது என்று மருத்துவர் முடிவெடுத்தார். ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களின் பட்டியல் சிஸ்டரிடம் முன்பே தயாராக இருந்தது. அவர்களில் காய்ச்சல் கண்டவர்களுக்கு அன்றைக்கே ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அறிகுறி வந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த மருந்தின் பலன் நன்றாகக் கிடைக்கும். என் பாராசிட்டமால் விநியோகத்தில் நான் வீணடித்தது அந்த மணி நேரங்களைத்தான்.

ஆன்டிபயாடிக் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்ட பெற்றோர் ஒவ்வொருவருக்கும், இது வைரஸ், அந்த மருந்து பாக்டீரியாவுக்கு என்று சிஸ்டர் சலிக்காமல் விளக்கினார். ஒரு அப்பா ஆஸ்பிரின் வாங்கி அனுப்பியிருந்தார். சிஸ்டர் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். ஃப்ளூ வந்த பதின்வயதினர் ஆஸ்பிரின் சாப்பிட்டால், அரிதாக, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாமாம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

மருத்துவர் ஒரு பழைய கதை சொன்னார். 1978 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு உறைவிடப் பள்ளி. மொத்தம் 763 பையன்கள். இரண்டு வாரத்துக்குள் 512 பேர் படுக்கையில். அந்த மார்ச் மாதமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது கட்டுரையாக வந்ததாம். தொற்று பரவும் கணக்கைச் சொல்லிக்கொடுக்க இன்றைக்கும் அந்தப் பள்ளியின் எண்களைத்தான் எடுக்கிறார்களாம். சேர்ந்து தூங்கி, சேர்ந்து சாப்பிட்டு, ஒரே குழாயைத் திருகுகிற இடத்தில் ஃப்ளூ ஓடுகிற வேகம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை முதல்வர் அறையில் எடுத்த முடிவுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். காய்ச்சல் என்று வாயால் சொன்னால் போதும், சான்றிதழ் வேண்டாம்; வருகைப்பதிவு குறையாது; தேர்வைப் பிறகு எழுதலாம். தேர்வுப் பிரிவில் முதலில் முகம் சுளித்தார்கள். பொய் சொல்லுவார்களே என்றார்கள். நாலு பேர் பொய் சொன்னால் சொல்லட்டும், நாற்பது பேர் உண்மையைச் சொல்வார்களே என்றார் முதல்வர். அறிவிப்பு ஒட்டிய அன்று சாயங்காலமே ஏழு பிள்ளைகள் தாங்களாக வந்து சொன்னார்கள். ஏழு பேருமே முந்தின நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். முதல்வருக்கும், இரண்டாவது வினாத்தாள் தயாரித்த ஆசிரியர்களுக்கும், முகம் சுளித்தாலும் வேலையைச் செய்துகொடுத்த தேர்வுப் பிரிவுக்கும் நன்றி.

தரைத்தள விருந்தினர் அறைகளை நோயாளிகளுக்கு ஒதுக்கினோம். அவை நிரம்பியபோது, ஃப்ளூ உறுதியானவர்களை ஒன்றாக ஒரே அறையில் தங்கவைத்தோம். ஒருவர் தலைமாட்டுக்கு நேரே அடுத்தவர் கால்மாடு வருமாறு கட்டில்களை மாற்றிப் போட்டோம். அவர்களுக்கென்று தனிக் குளியலறை. ஜன்னலைத் திறந்தே வைத்தோம், மழை பெய்தாலும்.

துப்புரவுப் பணி செய்யும் அக்காக்களில் ஒருவரை நான் மறக்கவே முடியாது. கிருமிநாசினி வாங்கிக் கொடுத்து, தினமும் மூன்று வேளை தரையைத் துடைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "தரையை யார் மேடம் கையால தொடுறாங்க? தாழ்ப்பாளைத்தானே தொடுறாங்க." கடினமான பரப்புகளில் இந்த வைரஸ் ஒரு நாள், இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். அன்றிலிருந்து தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மின்விளக்கு சுவிட்ச், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் இயந்திரத்தின் பொத்தான் என்று அவர் போட்ட வரிசைதான் நடந்தது. கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்கு முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள்தான் கொடுத்தேன்.

மெஸ் அண்ணன்கள் சாப்பாட்டு நேரத்தை மூன்று பந்தியாகப் பிரித்தார்கள். நோயாளிகளின் அறை வாசலில் ஒரு நாற்காலி. அதன்மேல் தட்டை வைத்து, கதவை இரண்டு முறை தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஐந்தாம் நாள், தட்டு எடுத்து வந்த அண்ணன் நேராக சிஸ்டரிடம் போனார். "மூணாவது ரூம்ல ஒரு தட்டு ரெண்டு வேளையா அப்படியே திரும்பி வருது சிஸ்டர். நேத்து அந்தப் பொண்ணு நல்லாத்தான் சாப்பிட்டுச்சு." போய்ப் பார்த்தால், இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது. மூச்சு இழுத்தது. ஃப்ளூ தணிந்து, பிறகு காய்ச்சல் திரும்பி வந்தால் அலட்சியம் கூடாது என்று சிஸ்டர் கதவுத்தாளிலேயே எழுதி வைத்திருந்தார். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, எழுந்து நிற்க முடியாத அசதி ஆகியவையும் அதில் இருந்தன. பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று. இப்போது அவள் வீட்டில், தெம்பாக இருக்கிறாள். திரும்பி வந்த ஒரு தட்டை வெறும் மிச்சமென்று நினைக்காத அந்த அண்ணனுக்கு அவள் குடும்பம் சொன்ன நன்றியோடு என்னுடையதையும் சேர்க்கிறேன்.

ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று போனில் கோபப்பட்ட பெற்றோருக்கு: உங்கள் கோபம் நியாயம். மன்னியுங்கள். காய்ச்சலோடு பஸ் ஏற்றி வரவழைக்காமல், சொந்த வண்டியில் வந்து கூட்டிப்போனவர்களுக்கும், பிள்ளையை இங்கேயே எங்களை நம்பி விட்டவர்களுக்கும் நன்றி.

படுக்காமல் தப்பிய பிள்ளைகளே, வகுப்புக் குறிப்புகளைப் படம்பிடித்து அனுப்பினீர்கள், வெந்நீர் ஃபிளாஸ்கை நிரப்பி வைத்தீர்கள். நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று விடுதிக் குழுவில் சுற்றத் தொடங்கியபோது, "இதை அழிங்க, நாளைக்கு உங்க பேரும் வரலாம்" என்று ஒரு முதலாண்டு மாணவி எழுதினாளே, அவளுக்குத் தனி நன்றி.

போன முறை தடுப்பூசி முகாமை வகுப்பு நேரத்தில் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டோம். இந்த முறை ஃப்ளூ பருவத்துக்கு முன்பே, சாயங்காலத்தில், விடுதி வாசலிலேயே வைக்கிறோம். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் போட்டவர்களும் மறுபடி போட வேண்டும். நான் முதல் ஆளாக நிற்கிறேன்.

இன்னொன்று. மாடிக்கு ஒன்றாகக் கொடுத்த தெர்மாமீட்டர்களில் மூன்றாம் மாடியுடையது மட்டும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே இருக்கட்டும். அறை எண்ணை மட்டும் பலகையில் எழுதிவிடுங்கள், ராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் வார்டன்