எல்லா குரூப்புக்கும் சுற்றுச்சூழல் பாடம் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நாங்க வேளச்சேரில இருக்கோம், என் பொண்ணு ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். போன ஞாயித்துக்கிழமை பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஓரமா வண்டிய நிறுத்திட்டு பறவை பாத்துட்டிருந்தோம், கோரைக்கு நடுவுல நீலத் தாழைக்கோழி ஒண்ணு வாலை ஆட்டிட்டே நடந்துச்சு, காத்து திரும்பினா பெருங்குடி குப்பைமேட்டு நாத்தம். "அம்மா, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது"ன்னு கேட்டா. சுத்துவட்டார ஏரிங்க நிரம்பி இங்க வரும், இங்கருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல இறங்கி கோவளம் பக்கம் கடல்ல சேரும், நடுவுல அடைச்சா நம்ம தெருவுலதான் நிக்கும்னு சொன்னேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் தண்ணில சாஞ்சு மிதந்தத பாத்தவ அவ. ஏன் அப்படி ஆச்சுன்னு ஸ்கூல்ல இதுவரைக்கும் யாரும் சொல்லித் தரல.

பயாலஜி எடுத்த பசங்களுக்காவது ப்ளஸ் டூ தாவரவியல்ல சூழல் மண்டலம், சுற்றுச்சூழல் பிரச்சினைன்னு பாடம் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் பசங்களுக்கு? நாளைக்கு இன்ஜினியராகி வீடு கட்டப்போறதும், பேங்க்ல உக்காந்து அந்த வீட்டுக்கு லோன் குடுக்கப்போறதும் இவங்கதானே, ஏரி எது மனை எதுன்னு இவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும்.

சுற்றுச்சூழல் கல்விய கட்டாயமாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1991லயே சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்குல சொல்லிடுச்சு. ஆனா எங்க பக்கம் நான் பாக்கறது ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு மரக்கன்னு நட்டு ஒரு போட்டோ, அவ்ளோதான், அப்புறம் அந்தக் கன்னுக்கு தண்ணி ஊத்த ஆள் இல்ல.

என் பொண்ணு வேளச்சேரி ஏரித்தண்ணி ஒரு பாட்டில், தெருமுனை வடிகால் தண்ணி ஒரு பாட்டில் எடுத்து ஜன்னல்ல வச்சிருக்கா. ரெண்டுலயும் ஆக்சிஜன் எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு ஸ்கூல் லேப்ல பாக்கலாமான்னு கேட்டதுக்கு சிலபஸ்ல இல்லன்னுட்டாங்களாம். கெமிஸ்ட்ரி லேப்ல பியூரெட் இருக்கு, பிப்பெட் இருக்கு, கரைஞ்ச ஆக்சிஜன அளக்கற டைட்ரேஷன் (சொட்டு சொட்டா விட்டு அளவு பாக்கற சோதனை) பண்ண பசங்களுக்கும் தெரியும், அப்புறம் என்ன தடை?

உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல 2022ல சேந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எங்க வீட்டுலருந்து கூப்பிடு தூரம். ப்ளஸ் ஒன்ல எந்த குரூப்பா இருந்தாலும் வாரத்துக்கு ரெண்டு பீரியட் இதுக்கு ஒதுக்கணும், அவங்கவங்க ஊர் ஏரிக்கு கூட்டிட்டுப் போகணும், ரெக்கார்டு நோட்டு, ப்ராக்டிகல் மார்க்கோட, ஏன்னா மார்க் இல்லாத பாடத்தோட பீரியட மேக்ஸ் வாத்தியார் வாங்கிடுவாரு. கல்வித்துறை அடுத்த வருஷத்துலருந்தாவது இத ஆரம்பிக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
வேளச்சேரி, சென்னை