பங்குனிக் கடைசியில் வாங்க

உ
சிவமயம்

ஒன்னா, ஒக்கினாவா தீவு, ஜப்பான்
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் வள்ளி எழுதுவது. இங்கே இவுகளும் பிள்ளையும் நானும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பிள்ளையார் நோன்பு இழை எடுக்க இந்த வருஷமும் நான் அங்கே இல்லை என்று அப்பத்தா சொல்லிக் காட்டியதாகத் தம்பி சொன்னான்.

கத்திரி தொடங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வந்து இருக்கிறோம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் வேண்டாம் என்று ஆரம்பித்தால், அப்பச்சி, நீங்க 'சரி சரி' என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் வரவே வேண்டாம். அங்கே கத்திரி தகிக்கிற அதே நாட்களில்தான் இங்கே அடைமழைக் காலம். சராசரியாக மே 10 வாக்கில் தொடங்கி ஜூன் 21 வாக்கில் முடியும். தினமும் கொட்டும் என்று சொல்ல மாட்டேன், நடுவில் இரண்டு நாள் வெயிலும் அடிக்கும். ஆனால் அந்தப் புழுக்கம் இருக்கிறதே! பீரோவில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிக்கிறது, செருப்பில் பிடிக்கிறது, சுவரில் பிடிக்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று ராத்திரி பகலாக ஓடுகிறது. அதில் சேர்கிற தண்ணீரைத் தினமும் வாளியில் கொட்டுகிறேன். ஆத்தாவின் மூட்டுக்கு அது ஆகாது.

காரைக்குடி டிராவல்ஸ்காரர் மே தான் ஜப்பானுக்கு நல்ல மாதம் என்றாராம். டோக்கியோவுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் நாங்கள் இருப்பது டோக்கியோவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே. இங்கிருந்து தைவான்தான் பக்கம். டோக்கியோவில் மழைக்காலம் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே இங்கே தொடங்கிவிடும். ஜப்பான் என்று ஒரே பெயரில் சொன்னாலும் பருவம் ஒன்றில்லை. செர்ரிப் பூவைப் பாருங்கள், அங்கே மார்ச் கடைசியில் பூப்பது இங்கே ஜனவரியிலேயே பூத்துவிடுகிறது. அதுவும் தீவின் வடக்கு மலையில் முதலில் பூத்து, பிறகு தெற்கே இறங்கி வரும்.

மழை விட்டதும், ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், கடல் நிறம் சொல்லி மாளாது. விளம்பரப் படங்களில் பார்க்கிற அந்த நீலம் அப்போதுதான். இங்குள்ளவர்களில் பலர் அதைத்தான் சிறந்த நேரம் என்பார்கள், ஏனென்றால் அவர்கள் நீந்துகிறவர்கள். நீங்கள் கரையில் குடை பிடித்து உட்காரப் போகிறவர்கள். போதாததற்கு வெயில் காலத்தில் விஷச் சொறிமீன் வேறு. அதற்காகக் கடற்கரையில் வலை கட்டி, பக்கத்தில் வினிகர் பாட்டிலும் வைத்திருப்பார்கள். பட்டால் முதல் வைத்தியம் அதுதான்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல். வருஷத்துக்கு ஏழெட்டுப் புயல் இந்தப் பக்கம் நெருங்கும். இங்கே புயலுக்குப் பேர் சொல்வதில்லை, நம்பர்தான். 2023 ஆகஸ்டில் 6ஆம் நம்பர் புயல் ஒக்கினாவாவைக் கடந்து மேற்கே போனது, போனதே என்று ஜனங்கள் மூச்சுவிடுவதற்குள் திரும்பி மறுபடி இந்தப் பக்கமே வந்தது. விமானம் இல்லை, படகு இல்லை, எத்தனையோ வீடுகளில் கரண்ட் இல்லை. வீடுகள் என்னவோ பத்திரம்தான். எல்லாம் கெட்டிக் கான்கிரீட். கஜாவில் நம் மூன்றாங்கட்டு ஓடு பறந்ததே, அந்தப் பயம் இங்கே இல்லை. ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பிரெட்டும் தண்ணீரும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, காற்று ஊளையிடுவதைக் கேட்டபடி இரண்டு மூன்று நாள் அடைந்து கிடக்கவா அவ்வளவு தூரம் வருவது? திரும்புகிற டிக்கெட்டும் தள்ளிப்போகும்.

அக்டோபர் கடைசியும் நவம்பரும் அருமையான நாட்கள். புழுக்கம் இறங்கிவிடும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். உண்மையில் என் மனசுக்குப் பிடித்தது அந்த நேரம்தான். ஆனால் அது நமக்கு ஐப்பசி, கார்த்திகை. ஓடு ஒழுகுகிறதா, வளவுத் தண்ணீர் ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்க்க ஆள் இல்லாமல் அந்த வீட்டை விட்டு வர அப்பச்சி சம்மதிக்க மாட்டீர்கள். வந்தாலும் தினம் நாலு தரம் தம்பிக்குப் போன் போடுவீர்கள்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். 17 டிகிரிதான், பனியெல்லாம் கிடையாது. ஆனால் வடகிழக்குக் காற்று நிற்காது, வானம் பாதி நாள் மூட்டமாகவே இருக்கும். கெராமா தீவுப் பக்கம் திமிங்கிலம் பார்க்கப் படகில் கூட்டிப்போவார்கள், ஆத்தாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்காமல் அப்பச்சியும் இருக்க முடியாது.

ஆகவே பங்குனிக் கடைசியில் வாங்க. ஏப்ரல் 5, 6 தேதிக்குள் வந்து, 27க்குள் கிளம்பிவிட வேண்டும். 29ஆம் தேதியிலிருந்து மே 5 வரை ஜப்பான் முழுக்க விடுமுறை, விமானக் கட்டணமும் ஹோட்டல் வாடகையும் எங்கேயோ போய்விடும். ஏப்ரலில் இங்கே 21, 22 டிகிரி. ராத்திரிக்கு ஒரு சால்வை போதும். எப்போதாவது ஒரு மழை வரும், போய்விடும்.

ஏப்ரலைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 5ஆம் தேதி வாக்கில் இங்கே சீமி என்று ஒரு வழிபாடு தொடங்கும். குடும்பம் குடும்பமாகச் சமாதிக்குப் போய், சுத்தம் செய்து, அதன் முன்னாலேயே பாய் விரித்து, அடுக்குப் பெட்டியில் கொண்டுபோன சாப்பாட்டை முன்னோருக்குப் படைத்துவிட்டு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சமாதி என்றால் சின்னக் கல் இல்லை, ஆமை முதுகு மாதிரி வளைந்த கூரையோடு, முன்னால் முற்றத்தோடு, ஒரு குடும்பத்துக்கே ஒன்று. போன வருஷம் எதிர்வீட்டு ஓபா எங்களையும் கூட்டிப்போனார்கள். ஓபா என்பது இங்கே பாட்டியை அழைக்கும் முறை. சமாதிக்குப் போன இடத்தில் சிரிப்பும் சாப்பாடும் பிள்ளைகள் ஓட்டமுமாக இருப்பதைப் பார்த்து இவுக கொஞ்சம் தயங்கினார்கள். எனக்குத் தயக்கமே இல்லை. நம் படைப்பு வீட்டில் முன்னோருக்காகப் பேழையைத் திறந்து, புதுச்சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்து, பிறகு பங்காளிகள் எல்லாம் பந்தியில் உட்காருவோமே, அதைச் சொன்னேன். ஓபாவுக்கு ஒரே சந்தோஷம். செத்தவர்களுக்கு உடுப்பு வைப்பீர்களா, நாங்கள் காசுதான் எரிப்போம் என்று, அதற்கென்று விற்கிற தாளைக் காட்டினார்கள். ஆத்தா வந்தால் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும்.

அப்பச்சிக்கு ஓட்டு வீடு காட்டுகிறேன். 1945 போரில் பெரும்பாலான பழைய வீடுகள் போய்விட்டன, மிச்சமிருப்பது கொஞ்சம். செவ்வோடுதான், ஆனால் நம்மைப் போல் சும்மா அடுக்கிவிடுவதில்லை. புயலில் பறக்காமல் ஓட்டுக்கு ஓடு வெள்ளைச் சுண்ணாம்புக் காரை போட்டுப் பூசியிருக்கிறார்கள். கூரை மேல் காவலுக்கு ஒரு சிங்கம் வேறு. நம் கொத்தனாரிடம் காட்ட நீங்கள் படம் எடுத்துத் தள்ளப் போகிறீர்கள். 2019இல் எரிந்த ஷூரி அரண்மனைக்கும் போகலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பாகற்காய் இங்கே நாட்டுக் காய், முட்டையும் டோஃபுவும் போட்டு வதக்குவார்கள். வெளியே சாப்பிட்டால் காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுச் சமையல்.

கொண்டுவர: தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை. கறிவேப்பிலை, மாங்காய், கவுனி அரிசி எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்டில் சான்றிதழ் கேட்டு எடுத்துவிடுவார்கள். உப்புக்கண்டம் நிச்சயம் வேண்டாம், இறைச்சிக்கு ரொம்பக் கெடுபிடி. ஆத்தா, ஒளித்து வைத்தும் வேண்டாம்.

தம்பி மகனுக்கு ஏப்ரலில் பரீட்சை, அழுவான். அவர்கள் ஒரு ஜூன் கடைசியில் லீவு போட்டு வரட்டும், நீந்துகிற வயசு. அப்பத்தாவைத் தம்பி பெண்டாட்டி பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பங்குனி உத்திரம் எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்க. குன்றக்குடி போகிற நாளை விட்டுவிட்டு டிக்கெட் போடுகிறேன். நேர் விமானம் கிடையாது, நடுவில் ஒரு இடத்தில் மாற வேண்டும், சக்கர நாற்காலிக்கு இப்போதே எழுதிவிடலாம். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் எதுவரை செல்லும் என்று பார்த்து, படம் எடுத்துத் தம்பி போனில் அனுப்பச் சொல்லுங்க. விசாவுக்கு இங்கிருந்து அழைப்புக் கடிதம் நான் தயார் செய்கிறேன்.

அன்பு மகள்
வள்ளி