காரணத்தை முதலில் எழுதுங்கள், பிறகு கை வையுங்கள்

தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைவாசிகளுக்குச் சட்ட உதவியும் மருத்துவ உதவியும் செய்துவரும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. சிறையில் உடல் சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. உடைந்த பிளேடு ஒன்று உள்ளே போனால் முதலில் ரத்தம் சிந்துவது இன்னொரு சிறைவாசிதான். எங்கள் கேள்வி வேறு. யாரை, எதற்காக, எந்த அளவுக்குச் சோதித்தார்கள் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், பிரிவு 24-இல், உள்ளே வருபவரைச் சோதிக்கச் சொல்கிறது. பெண்களை மேட்ரன்தான் (பெண் சிறை அலுவலர்) சோதிக்க வேண்டும் என்கிறது. ஆடையை எதுவரை விலக்கலாம், யார் உத்தரவிடலாம் என்பதை அந்தப் பிரிவு தொடவே இல்லை. மனு பார்க்க, அதாவது சிறைவாசியைச் சந்திக்க, வருபவர்கள் விஷயத்தில் அதே வெள்ளைக்காரச் சட்டம் நம்மைவிடக் கறாராக இருக்கிறது. பிரிவு 41-இன்படி, சந்தேகத்துக்கு இடம் இருந்தால் மட்டுமே பார்வையாளரைச் சோதிக்கலாம். அதையும் வேறொரு பார்வையாளரோ சிறைவாசியோ இருக்கும் இடத்தில் செய்யக்கூடாது. மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வரிசையில் நிற்க வைத்து, பின்னால் நிற்பவர் பார்க்கும்படி சேலைத் தலைப்பை உதறச் சொல்வது இந்தப் பிரிவுக்கே முரண். ஒரு திரைச்சீலையும் இரண்டு கம்பிகளும் போதும், இது சரியாகிவிடும்.

பிசகு அதிகம் நடப்பது மாலையில், நீதிமன்றத்திலிருந்து வண்டிகள் திரும்பும் நேரத்தில். சிறை அறைகளைப் பூட்டும் லாக்கப் நேரம் நெருங்குகிறது, முப்பது பேர் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள், பணியில் இருப்பது மூன்று வார்டர்கள் (சிறைக் காவலர்கள்). எல்லோரையும் ஒரே மாதிரி ஆடை களையச் சொல்வதுதான் சீக்கிரம் முடியும் வழி என்று தோன்றும். உண்மையில் அது நேரத்தைத் தின்னும், கண்ணையும் சோர்வாக்கும்; இருபதாவது ஆளுக்குப் பிறகு யாரும் எதையும் உருப்படியாகப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் உலோகம் கண்டறியும் கருவிச் சோதனையும் உடைமேல் தடவிப் பார்ப்பதும் போதும். அதில் ஏதாவது தட்டுப்பட்டவர் மட்டும் ஆடை களையும் சோதனைக்காகத் தனி அறைக்குள் போகட்டும்.

அறைக்குள் அனுப்பும் முன் காரணத்தை எழுத வேண்டும். ‘சந்தேகத்தின் பேரில்’ என்பது காரணம் ஆகாது. ‘பாக்கெட்டைக் காலி செய்த பிறகும் இடுப்புப் பட்டியின் இடப்பக்கம் கருவி ஒலித்தது’ என்பது காரணம். உத்தரவிட்ட அதிகாரியின் பெயர், உத்தரவு நேரம், சோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சோதித்த இருவர், கிடைத்தது என்ன, சிறைவாசியின் கையொப்பம்: இவ்வளவும் பதிவேட்டின் ஒரே வரியில் அடங்கும். உத்தரவு நேரமும் தொடங்கிய நேரமும் தனித்தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் காரணம் பிறகு யோசித்து எழுதப்படும். ‘ஒன்றுமில்லை’ என்று முடிந்த சோதனைகளையும் விடாமல் எழுத வேண்டும். ஒரே ஆள் பெயருக்கு எதிரே ஒரு மாதத்தில் நான்கு ‘ஒன்றுமில்லை’ வந்தால், அங்கே நடப்பது சோதனையா பழிவாங்கலா என்று கண்காணிப்பாளர் கேட்க அதுதான் ஒரே தடயம். சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின் 51-ஆவது விதி கேட்பதும் இந்தப் பதிவைத்தான்.

அறைக்குள் சிறைவாசி முழு நிர்வாணமாக நிற்க வேண்டிய கட்டம் ஒன்றுகூட இல்லை. முதலில் சட்டையும் பனியனும். மடிப்பு, காலர், தையல் ஓரம் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, அவர் போட்டுக்கொண்ட பிறகே கைலியோ பேன்ட்டோ. அதே பாலினத்தைச் சேர்ந்த இருவர் போதும்: ஒருவர் துணியைப் பார்ப்பார், இன்னொருவர் ஆளைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பவர் தொடக்கூடாது. கேமரா கதவுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை. ஒரே ஜோடியில் பத்துப் பேரைச் சோதித்தால் சிரங்கு ஒரு பிளாக் முழுக்கப் பரவக்கூடும்.

பெண்கள் அறையில் புதிய நாப்கினும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இல்லாமல் மாதவிடாய்க் காலத்தில் சோதனை வைக்கவே கூடாது. கர்ப்பிணியைக் குந்தி எழச் சொல்லக்கூடாது. கைக்குழந்தையின் துணியைத் தாய்தான் அவிழ்க்க வேண்டும். தாலியையும் தாயத்தையும் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம் வரும். தாயத்துக் குப்பியின் மூடியை அரக்கு வைத்து அடைத்திருப்பார்கள். அதை அவரே தன் கையால் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொள்ளட்டும். பிடுங்கி உடைப்பதில் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை. திருநர்களிடம், எந்தப் பாலினத்தவர் தம்மைச் சோதிக்கலாம் என்று கேட்டு, சேர்க்கையின்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டம் வந்த பிறகும் இதை வார்டரின் ஊகத்துக்கு விடுவது சரியல்ல.

உடல் துவாரங்களைச் சோதிப்பது சிறை ஊழியர் வேலையே அல்ல. மண்டேலா விதிகளின் 52-ஆவது விதி இதை மருத்துவத் தகுதி உள்ளவரிடம் விடச் சொல்கிறது. அதுவும் அந்தச் சிறைவாசிக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர் கூடாது. தன்னைத் துருவிய மருத்துவரிடம் நெஞ்சு வலிக்கிறது என்று அப்புறம் யார் சொல்வார்கள்? தகுதியுள்ளவர் இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற ஊழியர் செய்யலாம் என்று அந்த விதி ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அரசு மருத்துவமனைகள் இத்தனை இருக்கும் தமிழ்நாட்டுக்கு அந்த வாசல் தேவையில்லை. போதைப் பொட்டலத்தை விழுங்கியிருக்கிறார் என்று தோன்றினால் பேதி மருந்து, எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். எண்ணெய் ரப்பர் உறையை இளக்கிவிடும், பொட்டலம் வயிற்றிலேயே வெடிக்கலாம். வியர்வை, படபடப்பு, வாந்தி, மயக்கம் தெரிந்தால் நேராக மருத்துவமனை.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைக்கருவி உலோகத்தை மட்டும் அறியும்; கஞ்சாவுக்கோ மாத்திரைக்கோ அது கத்தாது. மில்லிமீட்டர் அலை ஸ்கேனர் துணிக்கும் தோலுக்கும் இடையே இருப்பதைக் காட்டும், உடலுக்குள் காட்டாது. உள்ளே ஊடுருவுவது எக்ஸ்ரே. அதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டு, ஒருவருக்கு எத்தனை முறை என்று கணக்கு வைத்து, கர்ப்பிணிகளை விலக்கித்தான் பயன்படுத்த வேண்டும். எலும்பில் உலோகப் பிளேட் வைத்தவருக்கு மருத்துவக் குறிப்பு ஒன்று அட்டையில் இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வரும்போது அவர் ஆடை களைய வேண்டியதில்லை.

சிறைவாசியின் வழக்குக் காகிதக் கட்டை உதறிப் பார்க்கலாம், ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தைத் தடவலாம். படிக்கக்கூடாது.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைத் தொடங்கத் தங்கள் சுற்றறிக்கை ஒன்றே போதும். அடுத்த முறை பார்வையாளர் குழுவோடு மாவட்ட நீதிபதி வரும்போது, உணவு ருசி பார்த்து முடித்த கையோடு அந்தப் பதிவேட்டையும் அவர் மேசையில் வைக்கும்படி கண்காணிப்பாளர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சிறைவாசிகளுக்கான சட்ட, மருத்துவ உதவிப் பணியில் உள்ளவர்கள்